பதிப்பகத்தின் பெயரையும் போடுங்கள்

ஆப்பிரிக்க இலக்கியத்தில் கட்டாயம் படிக்க வேண்டியவை என்று பட்டியல் போடுகிற நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நாவலின் பெயர் போடுகிறீர்கள், எழுத்தாளர் பெயர் போடுகிறீர்கள், இப்போதெல்லாம் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் மறக்காமல் போடுகிறீர்கள். சந்தோஷம். கூடவே, அந்தப் புத்தகத்தை முதன்முதலில் அச்சடித்தது யார், எந்த ஊரில் என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். முக்கால்வாசிப் பட்டியல் லண்டனில் போய் நிற்கும். 1962-ல் ஹைன்மன் என்ற லண்டன் பதிப்பகம் தொடங்கிய ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் வந்த புத்தகங்களைத்தான் நாம் திரும்பத் திரும்பப் பரிந்துரைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வரிசையைக் குறை சொல்ல மாட்டேன். நைஜீரிய நாவலாசிரியர் சினுவா அச்செபே பத்து வருஷம் ஆசிரியராக இருந்து வளர்த்த வரிசை அது. ஆனால் 2000களின் தொடக்கத்திலேயே ஹைன்மன் புதிய புத்தகங்களை அதில் சேர்ப்பதை நிறுத்திவிட்டது.

அதன்பிறகு யார் அச்சடித்தார்கள்? நைரோபியில் 2003-ல் க்வானி? (கேள்விக்குறியும் பெயரில் சேர்த்திதான்), லாகோஸில் 2004-ல் ஃபராஃபீனா, அபுஜாவில் 2006-ல் கசாவா ரிபப்ளிக், கேப் டவுனில் 2007-ல் மொஜாஜி. கம்பாலாவில் பெண் எழுத்தாளர்கள் சேர்ந்து நடத்தும் ஃபெம்ரைட் இவற்றுக்கும் முந்தியது, 1996. எல்லாமே சின்ன இடங்கள். அச்சகத்துக்கு ஓடுவதும், பிழை பார்ப்பதும், கடைக்காரரிடம் பாக்கிக்கு நிற்பதும் பெரும்பாலும் ஒரே ஆள்தான்.

என் கட்சி இதுதான்: கடந்த இருபது வருஷத்தில் ஆப்பிரிக்கக் கதை என்று நாம் கொண்டாடுகிற பலவற்றுக்கு முதல் துணிச்சல் இந்தச் சின்ன இடங்களிலிருந்து வந்தது. பெயர் மட்டும் பிறகு வந்து வாங்கிய பெரிய இடங்களுக்குப் போனது.

ஜெனிஃபர் நன்சுபுகா மகும்பியின் 'கிண்டு' நாவலை எடுத்துக்கொள்வோம். உகாண்டாக்காரர், மான்செஸ்டரில் வசிப்பவர். 1750-ல் புகாண்டா ராஜ்ஜியத்தில் விழுந்த ஒரு சாபம் ஒரே வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாகத் துரத்திக்கொண்டு 2004 வரை வரும் கதை. வெள்ளைக்காரப் பாத்திரம் வந்து கதையை நகர்த்துவதெல்லாம் கிடையாது. காலனிய ஆட்சிக் காலத்தையே தாண்டிப் போய்விடுகிறது நாவல். பிரிட்டிஷ் பதிப்புலகம் இதைப் பார்த்துவிட்டு 'ரொம்ப ஆப்பிரிக்கத்தனமாக இருக்கிறது' என்று தள்ளிவிட்டதாக மகும்பியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவர் குடியிருப்பதே மான்செஸ்டரில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் கையெழுத்துப் பிரதி நைரோபிக்குப் போனது. 2013-ல் க்வானி? நடத்திய கையெழுத்துப் பிரதிப் போட்டியில் முதல் பரிசு, 2014-ல் புத்தகம். அமெரிக்கப் பதிப்பு 2017-ல்தான் வந்தது, அதையும் போட்டது டிரான்சிட் புக்ஸ் என்கிற இன்னொரு சிறு பதிப்பகம். பிரிட்டனுக்கு 2018-ல் போய்ச் சேர்ந்தது. அதே 2018-ல் மகும்பிக்கு விண்டம்-கேம்பல் பரிசு, 1,65,000 டாலர். இன்று இந்த நாவலைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பரிசைச் சொல்கிறார்கள். நைரோபியைச் சொல்பவரைத் தேட வேண்டியிருக்கிறது.

நைஜீரிய-அமெரிக்க எழுத்தாளர் டேஜு கோலின் முதல் புத்தகமும் அப்படித்தான். அபுஜாவில் கசாவா ரிபப்ளிக் அதை வெளியிட்டது 2007-ல். அமெரிக்காவில் வந்தது 2014-ல். நடுவில் ஏழு வருஷம்.

தமிழ் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே சொல்கிறேன். 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' படிக்காத இடதுசாரித் தோழர்கள் குறைவு. கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ சிறையில் கழிவறைக் காகிதத்தில் எழுதிய நாவல் என்ற கதையும் எல்லோருக்கும் தெரியும். அதைக் கிகூயூ மொழியில் 1980-ல் நைரோபியில் அச்சிட்ட ஹென்றி சக்காவா என்ற பதிப்பாளரைத் தெரியுமா? கிகூயூவில் நாவல் போட்டால் யார் வாங்குவார்கள் என்பதுதான் அன்றைய வியாபாரக் கேள்வி. முதலில் அடித்த 5,000 பிரதி ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது. அந்த வெளியீட்டுக்காக சக்காவாவுக்கு மிரட்டல் வந்தது, ஆயுதங்களோடு தாக்கினார்கள், விரலில் வெட்டு விழுந்தது. ஹைன்மனின் கென்யக் கிளையையே பிற்பாடு உள்ளூர்க்காரர்கள் கைக்குக் கொண்டுவந்து ஈஸ்ட் ஆஃப்ரிக்கன் எஜுகேஷனல் பப்ளிஷர்ஸ் ஆக்கியவரும் அவர்தான். 2024-ல் காலமானார்.

காசு விஷயத்துக்கு வருகிறேன், எனக்குக் கொஞ்சம் தெரிந்த பக்கம் அது. லாகோஸில் நான் வேலை பார்த்தது காகிதம் இறக்குமதி செய்து விற்கிற ஒரு நிறுவனத்தில், கணக்குப் பிரிவில். நைஜீரியாவில் ஜெப்பா, இவோபின், ஓகு இபோகு என்று மூன்று இடங்களில் அரசு கட்டிய காகித ஆலைகள் உண்டு. நாட்டுக்குத் தேவையான அச்சுக் காகிதத்தை அவை தந்த காலம் மலையேறிவிட்டது. எல்லாம் அபாபா துறைமுகம் வழியாகக் கண்டெய்னரில் வர வேண்டும். வந்த சரக்கு ஷோமோலுவுக்குப் போகும். லாகோஸின் அச்சகப் பேட்டை அது. சந்துக்குச் சந்து பழைய ஹைடல்பர்க் மெஷின், மெஷினுக்கு ஒரு ஜெனரேட்டர். டீசல் வாடையும் மை வாடையும் சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது.

எங்கள் கோடவுனுக்கு ஒரு தடவை ஒரு பதிப்பாளர் அம்மா வந்தார். தோளில் பை, அதில் பிழை திருத்திய புரூஃப் கட்டு. க்ரீம் நிறத்தில் காகிதம் வேண்டும், இருபது ரீம் என்றார். முந்நூறு பக்க நாவலை ஆயிரம் பிரதி அடிக்க, சேதாரம் சேர்த்து அவ்வளவுதான் ஆகும். எங்களிடம் இருந்ததெல்லாம் பளீர் வெள்ளை. காரணம், எங்கள் பெரிய வாடிக்கையாளர்கள் பள்ளிக்கூட நோட்டுப் போடுகிறவர்கள், கண்டெய்னர் கணக்கில் எடுப்பவர்கள். அவர் ஒரு தாளை உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். விரலால் மறுபக்கத்தைத் தடவினார். “இதில் நாவல் அடித்தால் கணக்குப் பாடப் புத்தகம் மாதிரி இருக்கும், ஓகா” என்று எங்கள் மேனேஜரிடம் சொன்னார். ஓகா என்றால் அங்கே முதலாளி. மேனேஜர் சிரித்துவிட்டு, கடன் கிடையாது, ரொக்கம்தான் என்றார். நோட்டுக்காரர்களுக்கு மட்டும் அறுபது நாள் தவணை உண்டு. அன்று அந்த அம்மா வெள்ளைத் தாளையே வாங்கிக்கொண்டு போனார்.

அது நைரா ஓரளவு நின்ற காலம். 2023 ஜூனில் நைராவை மிதக்கவிட்டார்கள். ஒரு டாலருக்கு 460, 470 நைரா என்று இருந்தது அடுத்த வருஷம் 1,500 பக்கம் போய்விட்டது. காகிதம், மை, பிளேட் எல்லாம் டாலர். புத்தகம் விற்பது நைராவில், அதுவும் கடைக்காரருக்குக் கழிவு கொடுத்து, விற்ற பிறகு காசு என்ற ஏற்பாட்டில். கென்யாவில் வேறு கதை. அங்கே 2013 சட்டத்தில் புத்தகத்துக்கே 16 சதவீத வாட் வரி போட்டார்கள். இந்தக் கணக்கில் ஒரு சிறுகதைத் தொகுப்பு லாபம் தரும் என்று யாராவது சொன்னால், அவர் ஐந்தொகை போட்டுப் பார்த்ததில்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் தாண்டி ஒரு புத்தகம் ஓடிவிட்டால் அதற்கும் ஒரு தண்டனை உண்டு. லாகோஸ் டிராஃபிக்கில் வண்டி நின்றதும் தண்ணீர் பாக்கெட், சார்ஜர், வாழைக்காய் சிப்ஸ் விற்கிற பையன்களோடு புத்தக அடுக்கைக் கையில் ஏந்திய பையன்களும் ஓடிவருவார்கள். சுயமுன்னேற்றப் புத்தகங்களுக்கு நடுவே நைஜீரிய நாவலாசிரியர் சிமமாண்டா அடிச்சியும் இருப்பார். அட்டையில் எழுத்து லேசாக இரட்டை இரட்டையாகத் தெரியும். உள்ளே சில பக்கம் சாய்ந்திருக்கும், நாலு தடவை விரித்தால் பசை விட்டுத் தாள் கையோடு வரும். கள்ளப் பிரதி போடுகிறவனுக்கு எடிட்டர் சம்பளம் கிடையாது, ராயல்டி கிடையாது, ஓடாத புத்தகத்தின் நஷ்டமும் கிடையாது. ஓடிய குதிரையைப் பார்த்துப் பணம் கட்டுகிறான். நம் ஊரில் பிடிஎஃப் போட்டுப் பரப்புகிற புண்ணியவான்களுக்கும் இதே நியாயம்தான், 'வாசிப்பை வளர்க்கிறோம்' என்பார்கள்.

ஆனால் கள்ளப் பிரதி விலையைப் பார்த்து வாங்குகிற மாணவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. லண்டன் பதிப்பு இறக்குமதியாகி வரும் விலையில் லாகோஸ் மாணவன் வாங்க முடியாது. முத்தார் பக்காரே வங்கி வேலையை விட்டுவிட்டு வந்து ஃபராஃபீனாவைத் தொடங்கி, அடிச்சியின் முதல் நாவலுக்கு நைஜீரியப் பதிப்பு கொண்டுவந்தது இதனால்தான் பெரிய காரியம். உள்நாட்டு உரிமை உள்நாட்டுப் பதிப்பாளர் கையில் இருந்தால்தான் உள்நாட்டு விலை வைக்க முடியும். பெரிய நிறுவனங்கள் ஒப்பந்தத்தில் 'காமன்வெல்த் முழுவதும்' என்று ஒரு வரியில் ஆப்பிரிக்காவையும் சேர்த்து அள்ளிக்கொள்வது வழக்கம். வெளிநாட்டில் முதலில் விற்கிற எழுத்தாளர்கள் தங்கள் நாட்டு உரிமையை மட்டுமாவது தனியே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அடிச்சி போன்றவர்கள் செய்தார்கள், நடந்தது.

கசாவா ரிபப்ளிக் இன்னொரு படி போனது. லண்டன்காரர்கள்தான் லாகோஸில் கிளை திறப்பார்கள் என்பது எழுதாத விதி. இவர்கள் 2016-ல் அபுஜாவிலிருந்து போய் லண்டனில் அலுவலகம் போட்டார்கள். எழுத்தாளரை வளர்த்துவிட்டு வெளிநாட்டு உரிமையைத் தாரை வார்ப்பதைவிட, அங்கேயும் நாமே விற்போமே என்ற கணக்கு. அதை நிறுவியவர்களில் ஒருவரான பிபி பக்கரே-யூசுஃபுக்கு அந்தத் தைரியம் இருந்தது.

எல்லோரும் பிழைத்தார்கள் என்று சொல்ல மாட்டேன். க்வானி? நன்கொடையில் நின்ற அமைப்பு, ஃபோர்டு ஃபவுண்டேஷன் போன்றவை உதவின. அதை நிறுவிய பின்யவாங்கா வைனைனா என்கிற எழுத்தாளரின் ஆவேசமும் அதற்கு ஒரு மூலதனம். அவர் 2019-ல் போய்விட்டார். இன்று க்வானி?யின் சத்தத்தைக் கேட்கவே முடிவதில்லை. நன்கொடை வாங்கியதால் கெட்டது என்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் காசு இல்லாவிட்டால் 'கிண்டு' வந்திருக்காது. பாடப்புத்தகம் விற்று அந்த லாபத்தில் நாவல் போடுவதுதான் சக்காவா காலத்து வழி, அது இன்னும் உறுதியான வழிதான். ஆனால் பாடநூல் டெண்டருக்குள் போனவர்கள் எத்தனை பேர் நாவலுக்குத் திரும்பி வந்தார்கள்?

கடைசியாக, நம் பட்டியல்களில் அறவே இல்லாத ஒன்று, காதல் கதை. நாம் ஆப்பிரிக்கா என்றால் போர், பஞ்சம், காலனியம் இருந்தால்தான் இலக்கியம் என்று ஒத்துக்கொள்கிறோம். கசாவா ரிபப்ளிக் 2014-ல் அன்காரா பிரஸ் என்று தனிப் பிரிவு தொடங்கிக் காதல் நாவல்களாகவே போட்டது. அதற்கும் முன்னால், வடக்கு நைஜீரியாவின் கானோ நகரத்தில் பெண்கள் ஹவுசா மொழியில் காதல், குடும்ப நாவல்களை எழுதி, சொந்தக் காசில் அச்சடித்து, சந்தைக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தார்கள். மெல்லிய புத்தகங்கள், ஒரே கதை இரண்டு மூன்று பாகமாக வரும். இந்திப் படங்களின் சாயல் நிறைய. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் தொங்கிய மாத நாவல்களை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். 2007-ல் கானோ ஆளுநரே முன்னின்று இந்தப் புத்தகங்களைக் கொளுத்தினார்.

அந்த எழுத்தாளர்களில் முக்கியமானவர் பலராபா ரமத் யாகூபு. சின்ன வயதிலேயே படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்துவைக்கப்பட்டவர். பணக்காரக் கணவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு, மனைவியையும் ஒன்பது பிள்ளைகளையும் வீட்டைவிட்டுத் துரத்த, அவள் சோறு சமைத்து விற்றுப் பிள்ளைகளை ஆளாக்குகிற நாவல் ஒன்றை 1990-ல் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 2012-ல் வந்தது. போட்டது யார் தெரியுமா? லண்டனோ நியூயார்க்கோ இல்லை, லாகோஸ்கூட இல்லை. சென்னையின் ப்ளாஃப்ட். ராஜேஷ்குமார், ரமணிசந்திரன் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து 2008-ல் வெளியிட்டார்களே, அவர்கள்தான். மாத நாவலை மதிக்கத் தெரிந்த ஒரு சிறு பதிப்பகத்துக்குத்தான் கானோவின் சந்தைப் புத்தகம் கண்ணில் பட்டது. நம் ஊரில் நடந்த இந்தக் காரியம் ஆப்பிரிக்க இலக்கியப் பட்டியல் போடும் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. அடுத்த ஆப்பிரிக்க நாவலைப் பரிசுப் பட்டியலில் தேடாதீர்கள். ஆப்பிரிக்கப் பதிப்பாளர்களே சேர்ந்து 1985-ல் உருவாக்கிய ஆஃப்ரிக்கன் புக்ஸ் கலெக்டிவ் என்ற விநியோக அமைப்பு இருக்கிறது. அவர்களுடைய விற்பனைப் பட்டியலை ஒரு மாலை உட்கார்ந்து புரட்டுங்கள். பிடித்த புத்தகத்தின் உரிமைப் பக்கத்தைப் பார்த்து, உரிமை ஹராரேயில் இருந்தால் ஹராரேக்கும், கம்பாலாவில் இருந்தால் கம்பாலாவுக்கும் நேரடியாக மின்னஞ்சல் போடுங்கள். நடுவில் லண்டன் ஏஜெண்டுக்குக் கொடுக்கிற அட்வான்ஸில் பாதியைக் கொடுத்தாலும் அங்கே அது இன்னொரு நாவலுக்குக் காகிதம்.

பலராபாவைத் தமிழில் கொண்டுவர யாருக்காவது எண்ணம் இருந்தால் உள்பெட்டிக்கு வாருங்கள். எனக்கு ஹவுசா தெரியாது, மொழிபெயர்க்க என்னால் ஆகாது. எத்தனை ஃபாரம், எத்தனை ரீம், பிரதிக்கு அடக்கவிலை என்ன என்று கணக்குப் போட்டுத் தருகிறேன். க்ரீம் தாளிலேயே.