சல்வே ரெஜினா பாடகர் குழுவின் சொத்து அல்ல

‘அரசியே வாழ்க’ என்று மாதாவை வாழ்த்தும் பழைய பாடல் சல்வே ரெஜினா. மாதா திருவிழாவில் அதை இலத்தீனில் பாடும் பங்குக் கோயில்கள் இன்னும் இருக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் பாடகர் குழு நான்கு குரலில் பாட, கீபோர்டு கூடவே ஓட, சனங்கள் வாய்மூடி நிற்பதைப் பார்த்தால் மனம் கேட்கவில்லை.

துறவு மடங்களில் இரவுச் செபம் முடிந்து, படுக்கப் போகுமுன் எல்லோரும் சேர்ந்து மாதாவைப் பாடுவார்கள். அதற்கென்று காலத்துக்கு ஒன்றாக நான்கு பாடல்கள் உண்டு. தூய ஆவியின் வருகையைக் கொண்டாடும் பெந்தக்கோஸ்து முடிந்து, கிறிஸ்துமசுக்குத் தயாராகும் திருவருகைக் காலம் தொடங்கும்வரை சல்வே ரெஜினாவின் முறை. 11ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ரைகெனவ் மடத்தில் வாழ்ந்த, கைகால் முடங்கிய துறவி ஹெர்மன் இயற்றியது என்பது மரபு; அறிஞர்கள் எல்லோரும் அதை ஏற்பதில்லை.

தொமினிக்கன் துறவிகள் இதைப் பாடிக்கொண்டே பவனி வருவார்கள். தங்கள் சகோதரர் ஒருவர் சாகக் கிடக்கும்போதும் கட்டிலைச் சுற்றி நின்று இதையே பாடுவார்கள். அங்கே யார் குரல்வளம் பார்ப்பார்கள்? 1492 அக்டோபர் 11 இரவு, கரை தென்படச் சில மணி நேரமே இருந்தபோது, கொலம்பஸின் மாலுமிகளும் சல்வே சொன்னார்கள். மாலுமிகள் அதைத் தங்களுக்குத் தெரிந்த விதத்தில் பாடுவது வழக்கம் என்று அவருடைய பயணக் குறிப்பு சொல்கிறது. எனக்கு மிகவும் பிடித்த சாட்சி இதுதான்.

கிரகோரியன் என்னும் பழைய இலத்தீன் திருச்சபைப் பாடல் மரபில் இதற்கு இரண்டு மெட்டுகள். பெருவிழா மெட்டில் ஓர் அசைக்கே பல சுரங்கள் வரும், பயிற்சி வேண்டும். எளிய மெட்டு அப்படியல்ல. பெரும்பாலும் அசைக்கு ஒரு சுரம், எல்லோருக்கும் ஒரே குரல், வாத்தியமே தேவையில்லை. கடைசியில் ‘ஓ கிளெமென்ஸ், ஓ பியா, ஓ துல்சிஸ்’ என்று மூன்று முறை கூப்பிடும் இடத்தில் கோயிலே சேர்ந்து பாடினால் உடம்பு சிலிர்க்கும்.

‘இலத்தீன் சனங்களுக்குப் புரியாது’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். செபமாலை முடிவில் நம் பாட்டிமார் கண்மூடிச் சொல்லும் கிருபை தயாபத்து மந்திரம் இதே பாடலின் தமிழ்தான். பொருள் ஏற்கெனவே நெஞ்சில் இருக்கிறது. மெட்டு மட்டும்தான் பாக்கி.

இது பழமைவாதமும் அல்ல. இலத்தீன் வழிபாட்டில் தங்களுக்குரிய பகுதிகளைச் சனங்களும் சேர்ந்து பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டது 1963இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம்தான். எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய பாடல்கள் என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1974இல் வெளியிட்ட சிறு தொகுப்பிலும் சல்வே ரெஜினா இருக்கிறது.

பாடகர் குழுத் தலைவர்களே, வரும் அக்டோபரில் செபமாலை முடிந்ததும் கீபோர்டை அணைத்துவிடுங்கள். எளிய மெட்டை வரிவரியாகச் சொல்லிக்கொடுங்கள். முதல் வாரம் சுருதி சேராது. சேராவிட்டாலும் பாடட்டும்.