ஆறு மாதக் கணக்கு தப்பு
"தலையில் அடிபட்டவர் ஆறு மாதத்தில் தேறாவிட்டால் அவ்வளவுதான், மறுவாழ்வு மையத்தில் தங்கவைப்பது தண்டச்செலவு" என்று சிலர் சொல்வது தப்பு. முதல் ஆறு மாதத்தில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், சரி, ஆனால் அதற்கப்புறம் இரண்டு வருடம், சிலருக்கு அதையும் தாண்டி மெதுவாகத் தொடரும். தங்கிப் பயிற்சி எடுப்பதே அன்றாட வேலைகளுக்காகத்தான்: சட்டைப் பொத்தான் போடுவது, டீ போட்டதும் மறக்காமல் அடுப்பை அணைப்பது, மாத்திரை நேரத்துக்கு போனில் அலாரம் வைப்பது, திரும்பத் திரும்ப. நினைவு பழையபடி வராவிட்டால்கூட, சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்துத் தானே குளித்துக் கிளம்பப் பழக முடியும். இப்படிப் பயிற்சி தரும் வேலூர் சிஎம்சி மருத்துவமனையின் பாகாயம் மறுவாழ்வு மையம் 1966 முதல் நடக்கிறது. வீட்டில் எல்லாவற்றையும் நாமே செய்துகொடுப்பதுதான் (பாசத்தில்தான், தெரியும்) பல நேரம் அவர்களை முடக்குகிறது.