வளவைச் சுற்றிய அறைகள்

ஆவணி மாதக் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், விடுதியாக மாற்றப்பட்ட நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) வீடு ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கிவந்தேன். அந்த வீட்டின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நிறைகளோடு குறைகளையும் சொல்லவேண்டியிருக்கிறது. அந்தக் குறைகள் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவையும் அல்ல. பழைய வீடுகளை விடுதியாக்கும் முயற்சியை நான் மனதார வரவேற்கிறேன். ஆனால் வீட்டைக் காப்பாற்றுவது என்றால் அதன் தோற்றத்தைக் காப்பாற்றுவது மட்டுமே என்று நம்மில் பலர் நினைத்துவிட்டோமோ என்ற கவலை அந்த இரண்டு நாட்களில் எனக்கு வந்தது.

வாசல்நிலையில் கஜலட்சுமி. அதன்கீழ் நின்று பார்த்தால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் ஒரே நேர்கோட்டில் விரிந்து, கடைசியில் பின்தெருவின் வெளிச்சம் ஒரு சிறு கட்டம்போலத் தெரிகிறது. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்க, நடுவில் உள்ள நீளம் முழுவதும் ஒரே வீடு. முகப்பில் வழவழப்பான பர்மா தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. வந்தவரை உட்காரவைக்கும் திண்ணையும் கணக்கு எழுதிய இடமும் அங்கேதான். அதைத் தாண்டினால் வளவு: நடுவில் வானம் பார்த்த முற்றம், நாற்புறமும் பத்தி என்னும் தாழ்வாரம், பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள்.

அந்த அறைகளில் ஒன்றைத்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள். உண்மையில் அது இரண்டு அறைகள். இடைச்சுவரில் வழி உண்டாக்கி, ஒன்றைப் படுக்கையறையாகவும் மற்றொன்றைக் குளியலறையாகவும் மாற்றியிருக்கிறார்கள். அம்மா உள்ளே நுழைந்ததும், 'இவ்வளவு பெரிய வீட்டில் அறையை மட்டும் ஏன் இத்தனை சிறிதாகக் கட்டினார்கள், ஜன்னலும் சரியாக இல்லையே' என்று கேட்டார். அறைக்கு அழைத்துவந்த இளைஞருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரிவிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவும் இல்லை. எனக்கு முதல் வருத்தம் அங்கேதான். அவை படுத்துறங்குவதற்காகக் கட்டிய அறைகள் அல்ல. மகனுக்குத் திருமணம் ஆனதும் அவனைத் தனிப் புள்ளியாக, அதாவது தனிக் குடும்பமாக, வேறு வைக்கும்போது அவனுக்கென்று ஓர் அறை ஒதுக்கப்படும். மருமகள் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரங்கள், மங்குச் சாமான்கள் (பீங்கான் பூச்சுப் பாத்திரங்கள்), வெள்ளி, பட்டு எல்லாம் அங்கே பூட்டி வைக்கப்பட்டன. கனத்த கதவும் சிறிய திறப்புகளும் அதனால்தான். வெக்கையான இரவுகளில் மனிதர்கள் பத்தியிலும் முகப்பிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். சாமான் அறைக்குள்ளும் மனிதர் வெளியிலும் வாழ்ந்த வீடு அது. இந்த ஒரு செய்தியைச் சொன்னால் போதும், விருந்தினர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு குளிரூட்டிக்கு அடியில் முடங்காமல், மாலையில் பத்தியில் வந்து உட்காருவார்கள்.

சுவரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். செட்டிநாட்டுச் சுவர்ப்பூச்சைப் பற்றிப் படித்திருந்தாலும் தொட்டுப் பார்த்தது இதுவே முதல்முறை. நன்றாகப் புளிக்கவைத்த சுண்ணாம்பும் மணலும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்துப் பல அடுக்குகளாகப் பூசி, கடைசி அடுக்கில் மெல்லிய சுண்ணாம்பு மாவையும் முட்டை வெள்ளைக்கருவையும் குழைத்து இட்டு, வழவழப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்றுவார்கள். நண்பகல் இரண்டு மணிக்கு, தெருவில் கால் வைக்க முடியாத வெயிலில், பத்திச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். பளிங்கைத் தொட்டதுபோல் குளிர்ந்திருந்தது. சுவரில் எதிர்ப்பக்கத் தூணின் நிழல் மங்கலாகத் தெரிந்தது. இத்தனை பழைய சுவர், ஒரு வண்ணப்பூச்சும் இல்லாமல், ஈரத்துணியால் துடைத்தாலே பளிச்சென்று ஆகிறது.

அதே சுவரில், நான்கடி தள்ளி, ஒரு கதவளவு பரப்பில் வேறொரு வெள்ளை. தொட்டதும் தெரிந்துவிட்டது. சிமெண்டு பூசி, அதன்மேல் பட்டி வைத்து, கடையில் வாங்கிய பெயிண்டை அடித்திருக்கிறார்கள். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை அந்தப் பெயிண்டு கொப்புளம் கொப்புளமாக உப்பி நின்றது. ஒன்றை விரலால் அழுத்தினேன், உள்ளிருந்து மாவாக உப்பு உதிர்ந்தது. அங்கே தோட்டவேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய தகப்பனார் சுண்ணாம்பு வேலை செய்த கொத்தனாராம். "சுண்ணாம்புச் சுவரு உள்ள இருக்க ஈரத்த வெளிய விட்டுரும்மா. மேல சிமெண்டப் பூசிட்டா அது எங்க போகும்? இப்படித்தான் உப்பிக்கிட்டு வரும். நான் சொன்னேன், கேக்கல" என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி. அஸ்திவாரத்திலிருந்து மேலேறும் ஈரம் சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியே உலர்ந்துவிடும்; சிமெண்டும் பெயிண்டும் அந்த வழியை அடைத்துவிட்டால் ஈரம் பக்கத்தில் உள்ள நல்ல பூச்சுக்கும் பரவும். நல்ல எண்ணத்தில் செய்த ஒரு பழுதுபார்ப்பு, பக்கத்துச் சுவரையும் சேர்த்து அரித்துக்கொண்டிருந்தது.

தரையில் ஆத்தங்குடிக் கல். இதற்குப் பழுது வந்தால் மாற்றுவது கடினமில்லை என்பது பெரிய ஆறுதல், ஏனென்றால் ஆத்தங்குடியில் இன்றைக்கும் இதைக் கையால்தான் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின்மேல் பூவடிவ உலோக அச்சை வைத்து, ஒவ்வொரு கட்டத்திலும் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு நிரப்புகிறார்கள். தண்ணீர்த் தொட்டியில் ஊறி இறுகியபின் கண்ணாடி தானாகக் கழன்று, அதன் பளபளப்பு கல்லிலேயே தங்கிவிடுகிறது. நடக்க நடக்க மெருகு கூடும். அந்த விடுதியின் புதிய குளியலறையில் இந்தக் கல்லை விட்டுவிட்டு எங்கும் கிடைக்கும் பளபள ஓடுகளைப் பதித்திருந்தது எனக்குப் புரியவே இல்லை.

இந்த வீடுகள் ஏன் இந்த நிலைக்கு வந்தன என்பது பலருக்கும் தெரிந்ததுதான். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து, பளிங்கு இத்தாலியிலிருந்து. இவற்றுக்கான பணமோ பெரும்பாலும் பர்மா, மலாயா, இலங்கைக் கொடுக்கல்வாங்கலிலிருந்து வந்தது. 1930களில் அரிசி விலை சரிந்து கடன்கள் முடங்கின. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலங்களும் அரசுடைமையாயின. அந்தப் பர்மாப் பணத்தின் மறுபக்கத்தில், கடனுக்கு நிலத்தை இழந்த பர்மிய விவசாயிகளும் இருந்தார்கள் என்பதை அந்தத் தேக்குத் தூணைத் தொடும்போது நான் மறக்க விரும்பவில்லை. இங்கே மிஞ்சியது வீடு. அந்த வீட்டுக்குத் தலைமுறைகள் கழிந்து பத்தும் இருபதுமாகப் பங்காளிகள், ஆளுக்கொரு ஊரில். ஒருவர் கூரையை மாற்றலாம் என்பார், ஒருவர் விற்றுவிடலாம் என்பார். அப்படி ஒரு வீடு பிரிபட்டால் என்னவாகும் என்பதைக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பார்க்கலாம். நிலைக்கதவு ஒரு பக்கம், தூண் ஒரு பக்கம், ஆச்சிகளின் மங்குக் கிண்ணங்கள் ஒரு பக்கம். அந்தத் தூண் பிறகு ஏதோ ஒரு நகரத்தில், ஏதோ ஓர் உணவகத்தின் வரவேற்பறையில், எந்தக் கூரையையும் தாங்காமல் நிற்கும்.

இதனால்தான் விடுதியாக்கும் யோசனையை நான் ஆதரிக்கிறேன். கானாடுகாத்தான் விசாலமும் கடியாபட்டி சிதம்பர விலாஸும் கோத்தமங்கலம் சாரதா விலாஸும் இன்றைக்கு விளக்கெரியும் வீடுகளாக இருப்பதற்கு விருந்தினர் தரும் வாடகையே காரணம். 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது பெருமைதான். ஆனால் அந்தப் பட்டியல் ஒழுகும் கூரை ஓடுகளை மாற்றித் தராது. 'சாமி கும்பிட்ட வளவில் கண்டவர்கள் படுத்துக்கொள்வதா' என்று பெரியவர்கள் சிலர் மனம் வருந்துவதையும் கேட்டிருக்கிறேன். அந்த வருத்தத்தை மதிக்கிறேன். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் பங்காளிகள் வரும் நாட்களில் விருந்தினரை ஏற்காமல் வளவைக் குடும்பத்துக்கே விட்டுவிடலாம். மற்ற நாட்களில் பூட்டிக்கிடக்கும் வீட்டைவிட ஆட்கள் புழங்கும் வீடு நெடுநாள் நிற்கும்.

நான் கேட்பதெல்லாம், வாங்கும் வாடகையில் ஒரு பகுதி சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாருக்கும், ஆத்தங்குடிக் கல் அச்சடிப்பவருக்கும், மர வேலைக்காரருக்கும் போகவேண்டும் என்பதுதான். மூன்று நாளில் முடியும் சிமெண்டு வேலையைவிட மூன்று மாதம் பிடிக்கும் சுண்ணாம்பு வேலைக்குச் செலவு அதிகம் ஆகத்தான் செய்யும். அதை அறை வாடகையில் சேர்த்துக் கேட்கட்டும். என்னைப் போன்றவர்கள் தருவோம். புறப்படும் முன் இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

அந்தத் தாளில் முதலாவதாக எழுதியது சுவரைப் பற்றி அல்ல, கூரையைப் பற்றி. வளவு முற்றத்தின்மேல், விருந்தினர் நனையக்கூடாது என்று, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகட்டைப் போட்டு மூடியிருந்தார்கள். சூடான காற்று மேலேறி வெளியேறுவதற்கென்றே விட்ட வானவெளி அது. நான்கு பக்க ஓடுகளும் உள்நோக்கிச் சரிந்திருப்பதே மழைநீர் முற்றத்தில் விழுந்து, கிடாரங்கள் என்னும் பெரிய அண்டாக்களில் நிறைந்து, மிச்சம் கிணற்றுக்கும் ஊரணிக்கும் போகவேண்டும் என்பதற்காக. இப்போது அந்தக் கிடாரம் மழைநீர் இறங்கும் தூம்புக்கு அடியில் துலக்கிய பளபளப்போடு இருக்கிறது. அதற்குள் துணியால் செய்த தாமரைப் பூக்கள்.

இரண்டாம் நாள் மாலை நல்ல இடிமழை. வளவில் உட்கார்ந்திருந்தோம். தகட்டின்மேல் மழை தடதடவென்று கொட்டிற்று, பேசினால் கேட்கவில்லை, ஒரு துளியும் உள்ளே விழவில்லை. சிறிது நேரத்தில் அம்மாவைக் காணோம். தேடிக்கொண்டு பின்னால் போனேன். விருந்தினர் வராத இடம் என்பதால் இரண்டாம் கட்டு முற்றத்தை மூடாமல் விட்டிருந்தார்கள். ஓட்டு விளிம்பிலிருந்து நீர் கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. அடுப்படிப் பெண்கள் இருவர் அண்டாவை இழுத்து வைத்து வாயில் வெள்ளைத் துணியைக் கட்டியிருந்தார்கள். அம்மா பத்தியின் ஓரத்தில் குந்தியிருந்து ஒரு சொம்பைத் தூம்புக்கு நேராக நீட்டிப் பிடித்திருந்தார். நிறைந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, மறுபடியும் நீட்டினார்.