மே மாதத்தில் மழைநீர்க் கால்வாயில் ஓடுவது யார் வீட்டுத் தண்ணீர்?

மழை பெய்து வாரக்கணக்கில் ஆன ஒரு நாளில் உங்கள் தெருவின் மழைநீர்க் கால்வாய்க்குள் குனிந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. எங்கோ குடிநீர்க் குழாய் உடைந்து கசிந்தாலொழிய, யாரோ தன் கழிவை அதில் விட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் பொருள். வேலூரின் அக்னி நட்சத்திர வெயிலில் ஒரு கால்வாய் தானாக ஈரமாக இருக்க வழியே இல்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடமோ நிபுணர் குழுவோ வேண்டாம். நடக்கக் கால்களும் பார்க்கக் கண்களும் போதும். ஆனால் நம் ஊரில் அந்த வேலையைச் செய்ய யாருமில்லை. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன ஆண்டு தூர் வாருவதற்காக எங்கள் பகுதியில் கால்வாய் மூடிகளைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். பக்கச் சுவரில் வரிசையாகக் குழாய்கள். மாநகராட்சி வைத்தவை அல்ல. உளியால் கான்கிரீட்டை உடைத்து நாலு அங்குலக் குழாயைச் செருகி, சுற்றிலும் கையால் சிமெண்ட் அப்பியிருந்தார்கள். விரல் தடம்கூட அப்படியே இருந்தது. ஒரு குழாயின் வாயில் சமையல் கொழுப்பு வெள்ளையாக உறைந்து பாதியை அடைத்திருந்தது. இன்னொன்றில் சோப்பு நுரை. மூன்றாவதில் வந்தது என்ன என்பதை நாற்றமே சொல்லிவிட்டது. அந்தக் குழாய்களுக்குக் கீழே, முழங்கால் அளவு சேற்றில், கையுறைகூட இல்லாமல் ஒரு தூய்மைப் பணியாளர் மண்வெட்டியால் வாரிக்கொண்டிருந்தார். ஆவணங்களில் அதன் பெயர் தூர் வாரும் பணி. முறையற்ற கழிப்பறைகளின் மலம் கலக்கும் திறந்த வடிகாலை மனிதக் கையால் சுத்தம் செய்வதும் கையால் மலம் அள்ளுவதுதான் என்கிறது 2013ஆம் ஆண்டின் தடைச் சட்டம். குழாயைச் செருகியவர் ஆற்றை மட்டும் அழுக்காக்கவில்லை, இன்னொரு மனிதரை அந்தச் சேற்றில் இறக்கிவிட்டிருக்கிறார்.

பாதாளச் சாக்கடையும் மழைநீர்க் கால்வாயும் ஒன்று என்றே பலர் நினைக்கிறார்கள். பாதாளச் சாக்கடையில் போவது முத்துமண்டபம் போன்ற இடத்தில் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மழைநீர்க் கால்வாயில் போவதை யாரும் சுத்திகரிப்பதில்லை. போட்டது போட்டபடி நிக்கல்சன் கால்வாய் போன்ற பெரிய கால்வாய்களுக்குப் போய் அங்கிருந்து பாலாற்றில் விழுகிறது. 2021 நவம்பரில் கன்சால்பேட்டை வீடுகளுக்குள் நிக்கல்சன் கால்வாய் புகுந்ததே, அப்போது உள்ளே வந்தது மழைநீர் மட்டும் என்று அங்கே வாழ்கிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். கொழுப்பும் சேறும் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்ட கால்வாய் வெள்ளத்தை எப்படித் தாங்கும்?

பாலாறு வற்றாத ஆறாக இருந்தால் விழும் கழிவு கொஞ்சமாவது கரைந்து போகும். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் மணல் ஆறு இது. விழுவதெல்லாம் மணலில் இறங்கி நிலத்தடி நீரில் கலக்கிறது. அந்த மணலுக்கடியில் ஓடும் நீரை நம்பித்தான் கரையோரக் கிணறுகள் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு காவிரித் தண்ணீரை மேட்டூரிலிருந்து குழாயில் வரவழைத்துக் குடிக்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

பாலாற்று மாசு என்றதும் எல்லோரும் தோல் தொழிற்சாலைகளைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ கெட்டுப்போனதை உச்ச நீதிமன்றமே 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில் பதிவு செய்திருக்கிறது. வேலூர்க்காரர்கள் 1991இல் போட்ட வழக்கு அது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடு நாட்டின் சட்டம் என்று அந்தத் தீர்ப்பில்தான் உறுதியானது. 2025 ஜனவரியிலும் இதே ஆற்றுக்காக உச்ச நீதிமன்றம் மீண்டும் உத்தரவு போட வேண்டியிருந்தது. ராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரியில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்ததையும் மறக்கவில்லை.

ஆனால் மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாடு தோல் பதனிடும் குரோமியத்துக்கு மட்டும் எழுதப்பட்டதா? கல்யாண மண்டபத்தின் சமையல் கழிவுக்கும், வண்டி கழுவும் இடத்தின் எண்ணெய்க்கும், லாட்ஜின் கழிப்பறைத் தண்ணீருக்கும் அது பொருந்தாதா? தோல் தொழிற்சாலையைத் திட்டிவிட்டு நம் வீட்டுக் குழாயை இரவோடு இரவாகக் கால்வாயில் செருகினால், நாம் கேட்ட நீதிக்கு என்ன மரியாதை?

சட்டத்தில் ஓட்டை எதுவும் இல்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, தெரிந்தே கழிவை நீரோடையிலும் கிணற்றிலும் சாக்கடையிலும் நிலத்திலும் விடுவதைத் தடுக்கிறது. இப்போதைக்கு வறண்டு கிடக்கும் நீர்வழியும் நிலத்தடி நீரும்கூட அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வருகின்றன. ஆற்றில் தண்ணீரே இல்லையே, அதில் என்ன மாசு என்று யாரும் தப்பிக்க முடியாது. இருந்தும் புகாரோடு மாநகராட்சிக்குப் போனால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கைகாட்டுகிறார்கள். வாரியத்துக்குப் போனால் கால்வாய் மாநகராட்சியுடையது என்கிறார்கள். நான் இரண்டு இடத்திலும் மனு கொடுத்தேன். இரண்டுக்கும் ரசீது இருக்கிறது, குழாய் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அமெரிக்காவில் 1987இல் தூய நீர்ச் சட்டத்தைத் திருத்தி, நகர மழைநீர் வடிகால்களையும் அனுமதி முறைக்குள் கொண்டுவந்தார்கள். 1990 விதிகள் 1 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கு, 1999 விதிகள் சிறு நகரங்களுக்கு. வடிகால் எங்கெங்கே நீர்நிலையில் விழுகிறது என்பதற்கு வரைபடம் வைத்திருக்க வேண்டும், கள்ளத்தனமான இணைப்புகளைத் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். மழையில்லாத நாளில் ஒவ்வொரு வாயாகப் போய்ப் பார்ப்பார்கள். எங்கே ஒழுகுகிறதோ அங்கிருந்து மேல்நோக்கி மூடி மூடியாகத் திறந்து வருவார்கள். சந்தேகப்படும் கட்டடத்தின் கழிப்பறையில் கொஞ்சம் சாயத்தைக் கரைத்து ஊற்றி, கால்வாயில் நிறம் வருகிறதா என்று பார்ப்பார்கள். இதில் நம்மால் செய்ய முடியாதது எது? சாயத்துக்கு ஆகும் செலவா? 2016இல் சீர்மிகு நகரப் பட்டியலில் வேலூர் சேர்ந்த பிறகு கால்வாய் கட்டக் கான்கிரீட் வந்தது. கட்டிய கால்வாயில் என்ன ஓடுகிறது என்று பார்க்க ஓர் ஆளைப் போடவில்லை.

பாதாளச் சாக்கடை இணைப்பே தராமல் குழாயை அடைக்கச் சொன்னால் ஏழைகள் எங்கே போவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குறுகிய சந்துகளில் செப்டிக் டேங்க் தோண்ட இடமில்லாத வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். அவர்கள்மீது அபராதம் போடுவதை நான் ஏற்க மாட்டேன். அவர்களுக்கு முதலில் இணைப்பு கொடுங்கள், கட்டணத்தைத் தவணையில் வாங்குங்கள். ஆனால் லாட்ஜ், ஓட்டல், மண்டபம், வண்டி கழுவும் கடை, சாயப் பட்டறை இவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. காசு சம்பாதிக்கும் இடம் தன் கழிவுக்கும் காசு செலவழிக்கத்தான் வேண்டும். உரிமம் புதுப்பிக்க வரும்போது, கழிவுநீர் எங்கே போகிறது என்று குழாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் புதுப்பிக்காதீர்கள். இரவில் கால்வாய் மூடியைத் தூக்கிக் குழாயை விடும் செப்டிக் டேங்க் லாரிக்கு எச்சரிக்கை எல்லாம் போதாது, வண்டியைப் பறிமுதல் செய்ய வேண்டும்.

60 வார்டுகளிலும் வரும் ஏப்ரல், மே மாதங்களில் சுகாதார ஆய்வாளரும் பொறியாளரும் கால்வாயோரமாக நடந்து, ஈரமான இடங்களைக் குறித்து, அந்தப் பட்டியலை வார்டு அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். உங்கள் வார்டிலும் கொண்டுவாருங்கள். தேதி, நேரம், தெருப் பெயரோடு கால்வாயின் புகைப்படத்தை மனுவுடன் இணையுங்கள். படம் எடுக்கும் நாளில் மழை பெய்திருக்கக் கூடாது, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.