அந்த இரண்டாவது வரி காப்பி பேஸ்ட் இல்லை

நேற்று சுற்றிய அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள். ஈதர்நெட் டிரைவரில் (நெட்வொர்க் கேபிள் போர்ட்டை இயக்கும் நிரல்) ஒரே ரெஜிஸ்டரை, அதாவது சிப்புக்குள் இருக்கும் சின்ன நினைவு அறையை, படிக்கும் வரி, அடுத்தடுத்து இரண்டு முறை. மேலே சிவப்பு வட்டம். கீழே "தூக்கத்தில் எழுதியதோ?" என்று நக்கல். எழுதிய பெண் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. பெயரை மட்டும் மறைத்திருக்கிறார்கள். என்ன பெருந்தன்மை!

ஐயா, அது தப்பில்லை. அப்படித்தான் எழுத வேண்டும்.

கேபிளில் சிக்னலை அனுப்பி வாங்குவது ஃபை (PHY) சிப். அதற்குள் 16 பிட் ரெஜிஸ்டர்கள் 32. எம்.டி.சி., எம்.டி.ஐ.ஓ. என்ற இரண்டே கம்பியில் அதோடு பேசுகிறோம். 0-வது ரெஜிஸ்டரில் கட்டளை: ரீசெட், வேகம், ஆட்டோ நெகோஷியேஷன் (இரு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வது). 1-வதில் நிலவரம், அதன் 2-வது பிட்தான் லிங்க், எதிர்முனையோடு தொடர்பு இருக்கிறதா என்பது. லிங்க் ஒரு கணம் அறுந்தாலும் அந்த பிட் 0-க்கு விழும். விழுந்தால், யாராவது வந்து படிக்கும்வரை எழுந்திருக்காது, இடையில் லிங்க் திரும்பியிருந்தாலும் சரி. ஆக, முதல் தடவை வருவது பழைய கதையாக இருக்கலாம். இரண்டாவது தடவை வருவதுதான் இப்போதைய நிலை. ஈதர்நெட்டுக்கான 802.3 தரநிலையில் அந்த பிட்டுக்குப் பக்கத்தில் எல்.எல். (லாட்சிங் லோ, விழுந்தால் படிக்கும்வரை 0-தான்) என்று இரண்டே எழுத்து போட்டிருக்கும். படித்தால் தெரியும்.

எனக்கும் படித்துத் தெரியவில்லை, பட்டுத்தான் தெரிந்தது. பதினோரு வருடத்துக்கு முன் இதே மாதிரி ஒரு இரண்டாவது வரியை 'சுத்தம் செய்கிறேன்' என்று தூக்கினேன். என் மேஜையில் போர்டு அருமையாக ஓடியது. ஆலையில் வைத்தால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் திரையில் "கேபிள் இல்லை". போர்ட்டில் பச்சை விளக்கு ஜம்மென்று எரிகிறது, திரையில் கேபிள் இல்லை! மூன்று கேபிள் மாற்றினேன், எதிர்முனையில் இருந்த நெட்வொர்க் சுவிட்சை மாற்றினேன். லேப்டாப்பை மாட்டி டீபக் பிரின்ட்டை (கோளாறு தேட உள்நிலவரத்தை அச்சிட்டுக் காட்டும் வரிகள்) போட்டால் எல்லாம் சரியாகிவிடும், எடுத்தால் மறுபடி அதே கதை. இரண்டாம் நாள் சாயங்காலம்தான் உறைத்தது. சுவிட்ச் பூட் ஆகும்போது லிங்க் ஒருமுறை வந்து, போய், மறுபடி வருகிறது. என் டீபக் பிரின்ட் 32 ரெஜிஸ்டரையும் படித்துக் காட்டுகிறது. நான் தூக்கிய அந்த ஒரு ரீடை அதுதான் எனக்காகச் செய்துகொண்டிருந்தது.

"மேலே ஒரு கமென்ட் போட்டிருக்கலாமே?" போட்டிருக்கலாம். ஒப்புக்கொள்கிறேன். அதற்கு இவ்வளவு சிரிப்பா?

"லினக்ஸிலேயே போலிங்கில் (திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்ப்பதில்) லிங்க் இருக்கும்போது இரண்டு தடவை படிப்பதில்லையே?" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். வாருங்கள். அது நொடிக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும் டிரைவர். கண நேரத் துண்டிப்பும் கண்ணில் பட வேண்டும் என்று அப்படி வைத்திருக்கிறார்கள். இந்தப் பெண் எழுதியது பூட்டில் ஒரே ஒரு முறை கேட்டு முடிவெடுக்கிற இடம். இங்கே இரண்டு தடவைதான் படிக்க வேண்டும். இரண்டு தடவை!

சிரித்தவர்கள் யாரென்றும் பார்த்தேன். ஆட்டோ நெகோஷியேஷனை அணைத்து 100 ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் பேசலாம்) என்று அடித்துவிட்டு, எதிர்ப்பக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸில் (ஒரு நேரத்தில் ஒருவர்தான்) போய் உட்கார, "பிங் போகுதே" என்று போர்டை அனுப்பிவைத்த மகான் ஒருவரும் அதில் உண்டு. அன்றைக்கு அதனால் வந்த லேட் கொலிஷனை (தாமதமாக நடக்கும் தகவல் மோதல்) எண்ணிக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்தது நான். ஸ்கிரீன்ஷாட் எடுக்கத் தோன்றவில்லை. எனக்குத்தான் விவரம் போதவில்லை போல.

என் தப்பு ஆலையில் இரண்டு நாளைத் தின்றபோதுகூட என்னை யாரும் வட்டம் போட்டுக் காட்டவில்லை. அப்போதைய மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்து, "அந்த வரியைத் திரும்பப் போடு" என்றார், அவ்வளவுதான்.

ராத்திரி பத்து மணிக்கு அந்தப் பெண்ணிடமிருந்து மெசேஜ்: "அந்த வரியை எடுத்துட்டேன் சார்." பதறிப்போய் உடனே திரும்பப் போடச் சொன்னேன். "போட்டுடலாம் சார். நாளைக்கு ரிவ்யூவில் மறுபடி சிரிச்சா யார் சார் பதில் சொல்றது?" என்கிறாள்.