டூஃபோப்ருக்கார் வயலினைக் கண்டுபிடித்தாரா?

16-ஆம் நூற்றாண்டில் இசைக்கருவிகள் செய்த டூஃபோப்ருக்காரைப் பற்றிய உங்கள் கட்டுரை நல்ல கட்டுரை, ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது. 1515-இல் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா டூஃபோப்ருக்காரைப் பாரிசுக்கு அழைத்துவந்தார், வயலினே அவர் கண்டுபிடிப்புதான் என்று எழுதியிருக்கிறீர்கள். 1562-இல் பியேர் வொய்ரியோ செதுக்கிய டூஃபோப்ருக்காரின் படத்தில் அவருக்கு வயது 48 என்று இருக்கிறது. அப்படியென்றால் 1515-இல் கைக்குழந்தை! தொட்டிலோடு தூக்கிவந்தார்களா என்ன?

அதே படத்தை உற்றுப் பாருங்கள். நீண்ட தாடி, கையில் கவராயம், சுற்றிலும் லூட், வியோல் என்று வாத்தியக் குவியல். கூடவே மரமே பேசுவதாக ஒரு லத்தீன் வாசகம்: காட்டில் உயிரோடு இருந்தேன், கொடுங்கோடரி வெட்டியது, உயிரோடிருந்தவரை ஊமை, செத்தபின் இனிமையாகப் பாடுகிறேன். என்ன அழகு!

அவர் பெயரில் உலவும் வயலின்கள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. வயலின் செய்வதற்குப் பேர்போன பிரெஞ்சு ஊரான மிர்கூரின் பட்டறைகளில் செய்து, பழைய தேதி போட்ட சீட்டை உள்ளே ஒட்டி விற்றார்கள். அந்த நூற்றாண்டின் பிரெஞ்சு வயலின் கைவினைஞர் வியோம் போன்ற பெரிய கைகளும் டூஃபோப்ருக்கார் பாணியில் செய்ததுண்டு.

உண்மைக் கதையே போதுமே. ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து வந்து பிரான்சின் லியோன் நகரில் குடியேறினார், 1558-இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. அப்புறம் கோட்டை கட்ட அவர் வீட்டை இடித்துவிட்டார்கள். கடனாளியாகவே 1571-இல் செத்துப்போனார். இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, ஏன்?