‘ஜி.ஓ. இருக்கு’ என்றால் அடுத்து என்ன கேட்க வேண்டும்?

‘அதுக்குத் தனி ஜி.ஓ. இருக்குங்க.’ ‘மேலேருந்து சர்குலர் வந்திருக்கு.’ ‘புரொசீடிங்ஸ் போட்டாச்சு.’ தமிழ்நாட்டில் எந்த அரசு அலுவலகத்துக்குப் போனாலும் காதில் விழுபவை இவை. தாள் தமிழில் இருக்கும், பேச்சில் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் ஓடும். எந்த மொழியில் சொன்னாலும் சரி, கையில் இருப்பது எந்த வகைத் தாள் என்று தெரியாமல் பேசுவதுதான் ஆபத்து. ஒவ்வொன்றின் பலமும் வேறு. அமைச்சரின் பேட்டி, ஆணையரின் சுற்றறிக்கை, அரசிதழ் அறிவிக்கை எல்லாவற்றையும் ‘அரசாணை’ என்றே எழுதுகிற செய்திகள் வருகின்றன. அதை நம்பி மனு எழுதுகிறவர்தான் கடைசியில் அலைகிறார்.

முதலில் ஜி.ஓ., அதாவது அரசாணை. மாநில அளவில் அரசாணை என்பது தலைமைச் செயலகத் துறை வெளியிடுவது. கலெக்டரோ இயக்குநரோ அரசாணை போட முடியாது. எண்ணுக்கு முன்னால் அடைப்புக்குறிக்குள் இருப்பதைப் பாருங்கள். ‘நிலை’ என்றிருந்தால் கொள்கை முடிவு போல, நெடுங்காலம் வைத்துக் காக்க வேண்டிய ஆணை. ஆங்கில ஆணையில் அது ‘எம்.எஸ்.’. ‘வாலாயம்’ என்றால் அன்றாட அலுவல், ஆங்கிலத்தில் ‘ஆர்.டி.’. ‘டி’, ‘1டி’, ‘2டி’ என்று வருபவை பெரும்பாலும் ஒரு தனி ஆளையோ ஒரு நேர்வையோ பற்றியவை. பக்கத்து ஊர்க்காரருக்கு வந்த ‘டி’ ஆணையைக் காட்டி எனக்கும் கொடுங்கள் என்றால் எடுபடுவது கடினம்.

எண்ணைத் துறைக்குத் துறை தனியாகப் போடுகிறார்கள், ஜனவரி பிறந்தால் மறுபடி 1. அரசு மருத்துவர்கள் ‘354’ என்று சொல்வது மக்கள் நல்வாழ்வுத் துறையின் 23.10.2009 ஆணையை. வேறொரு துறையில், வேறோர் ஆண்டில் 354-ஐத் தேடினால் சம்பந்தமே இல்லாத ஒன்று கிடைக்கும். துறை, எண், நாள் மூன்றையும் வாங்காமல் நகராதீர்கள்.

ஆணையின் உள்ளே ‘சுருக்கம்’, பிறகு ‘படிக்கப்பட்டவை’ (முந்தைய ஆணைகள், கடிதங்களின் வரிசை), அடுத்து ‘ஆணை’. சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் பகிர்கிறார்கள். நிபந்தனைகள் எல்லாம் ஆணைப் பகுதியின் பத்திகளுக்குள் இருக்கும். முடிவில் ‘ஆளுநரின் ஆணைப்படி’ என்ற வரி. அரசியலமைப்பின் 166-ஆவது பிரிவிலிருந்து வருவது அது. அந்த வரி விடுபட்டாலே ஆணை செல்லாமல் போய்விடாது. ஆனால் அரசு உண்மையிலேயே அப்படி முடிவெடுத்தது என்று வேறு வகையில் நிரூபிக்கும் சுமை அரசின் தலையில் விழும். பணம் சம்பந்தப்பட்ட ஆணை என்றால் கடைசிப் பத்திகளில் நிதித்துறையின் அ.சா. (அலுவல் சார்பற்ற குறிப்பு) எண்ணும் நாளும் போட்டு ‘இசைவுடன் வெளியிடப்படுகிறது’ என்று இருக்கிறதா, செலவு எந்தக் கணக்குத் தலைப்பில் என்று சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள். கணக்குத் தலைப்பு இல்லாமல் கருவூலத்துக்குப் போகும் பட்டியல் (பில்) திரும்பி வரும். ‘ஆணை வந்து மாசக்கணக்காச்சு, காசு வரலை’ என்ற புலம்பலுக்குப் பின்னால் இப்படியொரு காரணம் இருக்கலாம்.

ஆணை ஆகாதவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டப்பேரவையில் விதி 110-இன் கீழ் முதலமைச்சர் படிப்பது அறிவிப்பு. துறை அரசாணை வெளியிட்ட பிறகே அலுவலகங்கள் அதன்படி நடக்க முடியும். கோப்பில் அமைச்சர் எழுதிய குறிப்பும் ஆணை அல்ல. பச்சித்தர் சிங் என்ற அரசு ஊழியரின் வழக்கில் 1962-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. அவருக்குச் சாதகமாக அமைச்சர் எழுதிய குறிப்பு கோப்போடு நின்றுவிட்டது, முறைப்படி அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. அப்படித் தெரிவிக்கும் வரை அரசு மனம் மாற்றிக்கொள்ளலாம் என்பது தீர்ப்பு. ‘ஃபைல்ல சைன் ஆயிடுச்சு’ என்ற வாக்கை நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

அரசாணைக்கும் சட்டத்துக்கும் உள்ள தூரத்தை 2020-இல் கண்ணெதிரே பார்த்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் மசோதா ஆளுநரிடம் காத்திருந்தபோது, அக்டோபர் 29 அன்று அரசியலமைப்பின் 162-ஆவது பிரிவின் அதிகாரத்தைக் கொண்டு அரசாணை வந்தது. மறுநாளே ஆளுநர் மசோதாவுக்கு ஒப்புதல் கொடுத்தார். அரசாணையை இன்னோர் அரசாணை மாற்றிவிடும். சட்டத்தை மாற்றப் பேரவைக்குப் போக வேண்டும். இரண்டுமே அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டவை. 1951-இல் செண்பகம் துரைராஜன் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த கம்யூனல் ஜி.ஓ. விழுந்தது அதனால்தான்.

சர்குலர்தான் மக்களை அதிகம் மிரட்டும் தாள். சுற்றறிக்கை, அரசுக் கடிதம், தெளிவுரை, வழிகாட்டு நெறிமுறை எல்லாம் கீழே உள்ள அலுவலர்களுக்கான அறிவுரை. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்று பணிவாக எழுதியிருந்தாலும் அந்த அலுவலர் அதன்படி நடந்தே ஆக வேண்டும். ஆனால் சட்டமும் விதியும் உங்களுக்குத் தந்ததைச் சுற்றறிக்கை பறிக்க முடியாது. விதி சொல்லாமல் விட்ட இடத்தை நிர்வாக அறிவுரை நிரப்பலாம், விதியை மாற்ற முடியாது என்று 1967-இல் சந்த் ராம் சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ‘சர்குலர்படி தர முடியாது’ என்றால், எந்த விதியின் கீழ் அந்தச் சர்குலர் வந்தது என்று கேளுங்கள். சர்குலரின் மேலே ‘பார்வை’ என்று முந்தைய தாள்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் அதற்குப் பதில் இருக்க வேண்டும்.

மெமோ வாங்கிய அரசு ஊழியர் பதறுவதற்கு முன் அதில் விதி எண் இருக்கிறதா என்று பார்க்கட்டும். வெறும் விளக்கம் கோரும் குறிப்பாணை வேறு. ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 17(ஏ) சிறு தண்டனைக்கு, 17(பி) விசாரணையோடு கூடிய பெருந்தண்டனைக்கு. இதில் குழம்பி, விளக்கம் கேட்ட தாளுக்கே குற்றத்தை ஒப்புக்கொள்வது போல எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள்.

பொதுமக்கள் வாழ்க்கையை நேரடியாகத் தொடுவது புரொசீடிங்ஸ், அதாவது செயல்முறைகள். பட்டா மாறுதலில் வட்டாட்சியர் முடிவு இந்த வடிவில்தான் வரும். அதை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேலே மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. இரண்டுக்கும் செயல்முறைகளின் நகல் வேண்டும். ‘தகுந்த நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது’ என்று வரும் புறக்குறிப்பு முடிவே அல்ல, மனு ஒரு மேசையிலிருந்து இன்னொன்றுக்குப் போன சேதி. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யவும் முடியாது, அதை வைத்து வெற்றி என்று இருந்துவிடவும் கூடாது.

சில சொற்றொடர்களை நின்று படிக்க வேண்டும். முந்தைய ஆணையை ‘ரத்து செய்து’ என்றால் பழையது முழுக்கப் போயிற்று. ‘பகுதியாகத் திருத்தி’ என்றால் திருத்திய பத்தி தவிர மற்றதெல்லாம் உயிரோடு இருக்கிறது, ஆகவே இரண்டையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும். ‘நிறுத்தி வைக்கப்படுகிறது’ என்பது ரத்து அல்ல, எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரும்.

ஆணையைக் காட்ட மறுத்தால் துறைவாரியாக அரசு இணையதளத்தில் தேடுங்கள். எல்லா ஆணையும் அங்கே இருக்காது. இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 2(எஃப்) பிரிவில் ஆணை, சுற்றறிக்கை, மெமோ மூன்றும் பெயர் சொல்லியே இருக்கின்றன. 10 ரூபாய் கட்டணம், நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய், பதிலுக்கு 30 நாள். ‘எனக்கு ஏன் மறுத்தீர்கள்’ என்று எழுதாதீர்கள், அதற்கு விளக்கம் தரத் தேவையில்லை என்று தட்டிக்கழிப்பார்கள். ‘இன்ன நாளிட்ட என் மனுவை நிராகரிக்க அடிப்படையாகக் கொண்ட அரசாணை, சுற்றறிக்கை, விதி ஆகியவற்றின் நகல்களும், என் மனு தொடர்பான கோப்புக் குறிப்புகளின் நகல்களும் வேண்டும்’ என்று எழுதுங்கள். அப்படி ஒரு தாளே இல்லையென்றால், இல்லை என்று அவர்கள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியிருக்கும். மேல்முறையீட்டு மனுவோடு அந்தப் பதிலை இணையுங்கள்.